பேரம் பேசாமல் அடித்த சூடம்

என் அக்காள் இறந்து சில மாதங்களில் அக்காள் புருஷனுக்கே என்னைக் கட்டி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது புதுமை இல்லை. தாயில்லாத பெண் குழந்தை ஒன்று இருந்தது. வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் அதை எப்படி நடத்துவாளோ என்று இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளைக்காக இல்லை, அந்தக் குழந்தைக்காக.

நான் பிறந்தது செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரம். வாழ்க்கைப்பட்டது சேரப்பணஞ்சேரி பக்கம். இப்போது கம்பெனி மதில்கள் நிற்கிற இடமெல்லாம் அப்போது வேர்க்கடலையும் கேழ்வரகும் விளைந்த மானாவாரி. ஏரியில் தண்ணீர் இருந்தால் நெல், இல்லாவிட்டால் இல்லை. என் புருஷன் வாயில்லாத மனுஷன். அக்காள் இருந்தபோது மாமா என்று கூப்பிட்டேன், தாலி கட்டிய பிறகும் அப்படியேதான் கூப்பிட்டேன். அந்த வீட்டில் பேச்செல்லாம் என் மாமியாருடையது.

அக்காள் இரண்டாவது பிரசவத்தில் போனாள். பிள்ளை பிறந்த அன்றே இறந்துவிட்டது. அக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் ஜன்னி வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் தாய் வீட்டிலும் அதே வழக்கம்தான், ஒருவரைக் குறை சொல்ல முடியாது. தொண்டை நனைய சுக்குக் கஷாயம் கொஞ்சம் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். மாமியார் அதை ஒரு சொட்டுக்கூட மீறாமல் நடத்தியிருக்கிறாள். எங்களுக்கு ஆள் வந்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. என்ன நடந்தது என்று எனக்கு யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தக் குழந்தைதான் காட்டியது.

விளக்கு வைக்கும் நேரமானால் குழந்தை சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு உள்ளறைக்குப் போகும். அதன் அம்மா படுத்திருந்த மூலையில் தரையில் அப்படியே சாய்த்து ஊற்றும். ஊற்றிவிட்டுச் சிறிது நேரம் குனிந்து பார்க்கும். மண் உறிஞ்சிக்கொண்ட பிறகுதான் வெளியே வரும். சாணம் மெழுகிய தரை அந்த இடத்தில் ஊறி ஊறிக் குழியாகிவிட்டது. நான் தினமும் மண் அப்பி மெழுகுவேன், அது தினமும் ஊற்றும்.

மாமியாருக்கு இதைக் கண்டால் ஆகாது.

"தண்ணி இன்னா உங்கப்பன் வூட்டுக் கெணத்துலேர்ந்தா வருது?" என்பாள்.

"இது எங்கப்பன் வூடுதான?" என்று குழந்தை கேட்கும். அதன் வாய் அப்படி. அக்காளுக்கும் அதே வாய்தான்.

உடனே அடி விழும். முதலில் கையால் அடித்தாள், பிறகு கையில் அகப்பட்டதால் அடித்தாள். அந்த ஈர மூலையைப் பார்க்க அவளால் முடியவில்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அவள் கை மட்டும்தான் தெரிந்தது. நான் நடுவில் புகுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போய்விடுவேன். எனக்கும் ஒன்றிரண்டு விழும். அதற்காக நான் அழுததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மாமியார் விறகுக் கட்டையை எடுத்தாள். நான் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓட நினைத்தேன், கால் எழவில்லை. மரத்துப்போனதுபோலக்கூட இல்லை. இடுப்புக்குக் கீழே என் உடம்பே இல்லாததுபோல இருந்தது. கையை ஊன்றி நகர்ந்து நான் போய்ச் சேருவதற்குள் குழந்தையின் முதுகு வீங்கிவிட்டது.

அதன் பிறகு மழைக்காலம் முழுவதும் கயிற்றுக் கட்டிலில்தான் கிடந்தேன். ஊசியால் குத்தினாலும் காலுக்குத் தெரியாது. அண்டை வீட்டுக்காரி என் காதில் விழும்படியே சொல்லுவாள், "வேல செய்ய வணங்கல. ராணியாட்டம் கட்டில்ல பட்துக்கினு கீறா." நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவளால் பார்க்க முடியாது, கண் எப்போதும் எங்கள் வீட்டு மேலேயே இருக்கும்.

மாமா என்னை மாட்டு வண்டியில் ஏற்றி, பிறகு பஸ் பிடித்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். என் கால் தானாகத் துள்ளியது. நானே பயந்துவிட்டேன். "காலில் ஒரு குறையும் இல்லை. மனசில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது" என்றார். மாமா கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வழியில் என்னிடம், "மனசுல இன்னா கீது?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். உங்கள் அம்மாதான் என்று எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்றேன்.

குழந்தை அடி வாங்குவதைக் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலத்தைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

தை பிறந்ததும் மாமியாரே போய்ப் பம்பைக்காரரை அழைத்து வந்தாள். இரட்டைப் பம்பை கட்டி அடித்து, வர்ணித்துப் பாடி, சாமியையோ இறந்தவரையோ ஒரு ஆள் மேல் இறக்கிப் பேச வைப்பது அவர் தொழில். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார், "வூட்டுல கடைசியா செத்தது யாரு?"

"எம் மூத்த மருமவ."

"அவங்களக் கூப்ட்டு வூட்டுல வெச்சீங்களா?"

மாமியார் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கூப்டாம உட்டா வெளியே நின்னுக்கினுதான் இருப்பாங்க. தங்கச்சிகாரி வேற உள்ளார வந்துட்டாங்க. அப்பறம் காலு எப்பிடி நிக்கும்?"

எங்கள் பக்கத்தில் வயது தீராமல் இறந்தவளைத் தண்ணீர்க் கரையிலிருந்து அழைப்பார்கள். பூச்சுற்றிய கலசத்தில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பூவாடைக்காரி என்று வைத்துக் கும்பிடுவார்கள். அதற்கு முன் அவள் இரத்த சம்பந்தமுள்ள யார் மேலாவது வந்து பேச வேண்டும். என்ன குறை என்று கேட்க வேண்டும். இறந்தவர்கள் கேட்பதற்குக் கணக்கே இல்லை. உயிரோடிருந்தபோது கைத்தறிப் புடவைக்கு ஏங்கியவள் பட்டு கேட்பாள், ஆடு கேட்பாள், தனியாகக் கோயிலே கேட்பாள். வீட்டார் பேரம் பேச வேண்டும். மழையில்லை தாயே, இந்த வருஷம் நூல் புடவை வாங்கிக்கோ, பொங்கல் வைக்கிறோம் என்று இறங்கி இறங்கிப் பேசி அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதன் பிறகுதான் சூடம் ஏற்றி அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. சத்தியம் செய்தால் செய்ததுதான். அது உயிரோடிருப்பவர்களுக்குள் செய்கிற சத்தியம் போல இல்லை.

என்னைக் கட்டிலோடு தூக்கி ஏரிக்கரையில் இறக்கினார்கள். காலை வெயில் இன்னும் உறைக்கவில்லை. மஞ்சள் நனைத்த புடவை கட்டிவிட்டு, தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். பம்பை தொடங்கியது.

அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். மயக்கம் என்று நினைக்கிறார்கள், தூக்கம் என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. நான் நன்றாக விழித்திருந்தேன். முதலில் சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. பிறகு வயிறு எது பம்பை எது என்று பிரிக்க முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்ததெல்லாம் சின்னதாகிக்கொண்டே போனது. ஆனால் துல்லியமாக இருந்தது. மாமியாரின் மூக்குத்தியில் ஒரு கல் விழுந்து அரக்கு தெரிந்ததைப் பார்த்தேன். வாழை இலையில் எறும்பு வரிசை போவதைப் பார்த்தேன். பேச வேண்டும், நகர வேண்டும் என்கிற எண்ணமே இல்லை. அது ஒரு பெரிய நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னும் எனக்கு இல்லை, பின்னும் இல்லை. அப்போது யாரோ அழுவது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சண்டை கேட்குமே, அதுபோல. அந்த அழுகை என் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பம்பைக்காரர் மூடிய கையை நீட்டினார். "வந்தது அவங்கதான்னா என் கையில இன்னா பூ கீது? சொல்லு தாயே!"

"கனகாம்பரம்" என்றது வாய்.

அவர் கையை விரித்தார். கனகாம்பரம்தான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தப் பருவத்தில் எங்கள் ஊரில் எல்லாத் தலையிலும் கனகாம்பரம்தான் இருந்தது. இதைச் சொல்லி அதைச் சின்னதாக்க நான் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடித்தேன் என்று சொல்கிறவர்கள் எதிரில் வந்து சொல்லட்டும்.

அப்போது நான் கட்டிலை விட்டு எழுந்து நின்றிருந்தேன். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் நிற்பதைப் பார்த்துத்தான் மாமியார் நிலைதடுமாறிவிட்டாள். என்ன குறை என்று பம்பைக்காரர் கேட்க வாயெடுப்பதற்குள், வந்தவள் எங்கே மலையேறிவிடுவாளோ என்று பயந்து முன்னால் ஓடிவந்தாள். தட்டில் எரிந்த சூடத்தின் மேல் கையை அடித்தாள்.

"எம்மா, நீ எது கேட்டாலும் தரேன்! இவ காலக் குடுத்துட்டு எறங்கும்மா!"

"அய்யய்யோ, இன்னாம்மா பண்ட்ட!" என்று பம்பைக்காரர் கத்தினார். பம்பை நின்றுபோனது. "கேக்காம கொள்ளாம யாருனா சூடம் அடிப்பாங்களா?"

நின்ற அமைதியில் வாய் பேசியது. "தண்ணி கேட்டனே. ராத்திரி பூரா கேட்டனே. ஒரு முழுங்கு தரலியே நீங்க. எம் பொண்ணு இந்த வூட்டுத் தண்ணி குடிக்கக் கூடாது. எங்கம்மா வூட்டுல கொண்டுபோயி உடு."

"தாயே, பொடவ கேளு. பொங்க வெக்கச் சொல்லு. கொயந்தயப் பிரிக்கலாமா?" பம்பைக்காரர் அவரால் ஆனமட்டும் கெஞ்சினார்.

"சூடம் அட்ச்சாச்சு" என்றது வாய்.

அதை நான் அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோலவே கேட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வாய் அவளிடம் இருந்தது.

கீழே விழுந்து, முகத்தில் தண்ணீர் அடித்து எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. கலசத்தை மாமா தலையில் வைத்துக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன். கரையில் மண் சுட்டது. பாதத்தில் சூடு தெரிகிறதே என்று நினைத்தேன். அண்டை வீட்டுக்காரி என் காலில் விழுந்து எழுந்தாள். எனக்கு எதுவும் சந்தோஷமாக இல்லை.

மறுநாள் குழந்தையை வண்டியில் ஏற்றினார்கள். காலையிலிருந்து அதற்கு அந்த வீட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தோம். வண்டி நகரும்போது, "நீ வரலியா சின்னம்மா?" என்று கேட்டது. "உனுக்குத்தான் காலு வந்துட்ச்சே?"

என் அம்மா பேத்தியை நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். நான் நினைத்தபோதெல்லாம் போக முடியாது. போனால் ஒரு பகல் இருந்துவிட்டு வருவேன். தலை பின்னிவிடுவேன். முதுகில் வீக்கம் வடிந்து தழும்பு வெளுத்துக்கொண்டு வந்தது. அங்கே அது எந்த மூலையிலும் தண்ணீர் ஊற்றவில்லை என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டபோது, அக்காள் சரியாகத்தான் கேட்டாள் என்று தோன்றியது.

அடுத்த வருஷம் அம்மா இருமிக்கொண்டே படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எங்க வூட்டுலயே வாயிங்க நெறைய கீது. பட்டணத்துல ஒரு பெரிய எடம். கொயந்தயப் பாத்துக்க ஒரு பொண்ணு வோணுமாம். சோறு துணிலாம் அவுங்களே பாத்துக்குவாங்க."

"இதுவே கொயந்ததான அண்ணி" என்றேன்.

"அப்ப நீ இட்டுக்கினு போ. யாரு தடுத்தா?"

யார் தடுத்தது என்று அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். மாமியார் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்போல இல்லை. அந்த ஏரிக்கரைக்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. உள்ளறை மூலையில் இப்போது அவளே சொம்பில் தண்ணீர் வைத்தாள். "திரும்பக் கூப்ட்டுக் கேப்போம். அவ வாங்குன சத்தியத்த அவதான உடணும்" என்றாள். அதுதான் முறை. இறந்தவள் வாங்கிய சத்தியத்தை இறந்தவளே வந்து விட்டுக்கொடுத்தால் உண்டு.

அண்ணன் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்தார். ஊருக்குள் வரவில்லை. தார் ரோட்டோரம் பனை மரத்தடியில் மூட்டையோடு உட்கார்ந்துகொண்டார்கள். அக்காள் விட்டுக்கொடுத்தால் குழந்தை வீட்டுக்கு, இல்லாவிட்டால் அன்றைக்கே பட்டணத்துக்கு.

அதே ஏரிக்கரை, அதே பம்பைக்காரர், மஞ்சள் புடவை, வாழை இலை. இந்த முறை நான் நடந்தே போனேன். பம்பை தொடங்கியது. நான் கண்ணை மூடினேன், திறந்தேன். வயிற்றைக் கவனித்தேன். வயிறு வயிறாகவே இருந்தது. பம்பை தோலாகவும் கட்டையாகவும் இருந்தது. அடிக்கிறவரின் விரல் எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்தது. அக்காள் முகத்தை நினைத்தேன். அக்காள் முகம் வந்தது, அக்காள் வரவில்லை. மத்தியானம் தாண்டியது. பம்பைக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மோர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் பாடினார்.

மாமியார் என் முன்னால் மண்டியிட்டாள். என்னைப் பார்த்து இல்லை, எனக்குள்ளே பார்த்துப் பேசினாள். "வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா. இனிமே நான் கை வெக்க மாட்டேன். புள்ள பாத்த மருத்துவச்சிக் கெழவி சொன்னாளேன்னு தண்ணி தரல. எனுக்கு இன்னா தெரியும், சொல்லு?"

மாமா என் பக்கத்தில் குனிந்தார். வாயில்லாத மனுஷன் அன்றைக்குப் பேசினார். "தே, நீயே சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

சொல்லியிருக்கலாம். உடம்பைக் குலுக்குவது பெரிய வித்தையா? அக்காள் குரல் எனக்குத் தெரியும், மூன்று வார்த்தை போதும். கூட்டம் நம்பியிருக்கும். நம்பக் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் நான் பொய்யாகச் சொல்லி, குழந்தை அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்து, அதற்கு ஏதாவது ஆனால்? சூடம் அடித்த சத்தியம் என் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? இன்னொன்றும் இருந்தது. இதை நான் சொல்லிவிட்டால் போன முறை சொன்னதும் நான்தான் என்று ஆகிவிடும். அது நான் இல்லை. என் தலையை வெட்டினாலும் அது நான் இல்லை.

தலையை ஆட்டினேன். முடியாது என்று.

பம்பைக்காரர் வாத்தியத்தைக் கழற்றி மணலில் வைத்தார். கோபமில்லாமல்தான் சொன்னார். "போன தபா நீ காலில்லாம கெடந்த, உன்கிட்ட அவங்களுக்கு எடம் இருந்துச்சு. இப்ப நல்லா கீற. நல்லா கீறவங்க மேல வராதும்மா."

நான் மட்டும் தார் ரோட்டுக்கு நடந்தேன். மாமா பாதி தூரம் வந்து நின்றுவிட்டார். பனையடியில் குழந்தை எழுந்து நின்றது. தலையை அண்ணி ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள்.

"அம்மா வந்துச்சா?"

"வரலடி."

"நீயே சொல்லக் கூடாதா சின்னம்மா?"

"பொய் சொன்னா உனுக்கு ஆவாதுடி கண்ணு. எதுனா ஆயிடும்."

"ஆனா ஆவட்டும்" என்றது.

நான் அதன் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டேன். அது ஏற்கனவே போட்டுத்தான் இருந்தது, அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டேன். பஸ் வந்தது. அண்ணன் மூட்டையை எடுத்துக்கொண்டு குழந்தையை முதலில் ஏற்றினார். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, முகம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபோது மாமியார் அடுப்பு மூட்டி உலை வைத்திருந்தாள். அரிசியைக் களைந்து போட்டேன்.